தமிழும் பட்டமும்: தரங்கம்பாடியிலிருந்து அரசரடிவரை இறையியல் கல்வி

தமிழர் நடுவே கிறித்தவ இறையியல் கல்வி வளர்ந்த கதையை எழுதுவோர் மிஷனரிகளின் பெயர்களையும் கல்லூரிகள் தோன்றிய ஆண்டுகளையும் அடுக்குவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். மாணவர் எந்த மொழியில் படித்தார், படித்து முடித்தபின் சபையில் அவருக்கு என்ன தகுதி கிடைத்தது என்பது அந்த அடுக்கில் தெரியாமல் போகிறது. தமிழில் படித்தவருக்குத் தகுதி குறைவு, தகுதி பெற்றவருக்குத் தமிழ் தேவையில்லை என்ற நிலைதான் நெடுங்காலம் நீடித்தது. இரண்டும் ஒரே வகுப்பறையில் கூடுவதற்கு இரண்டரை நூற்றாண்டுகள் ஆயின. அந்தத் தாமதத்துக்கான காரணங்களைத் தேடுவதே இக்கட்டுரை.

1706 ஜூலையில் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்க், முதலில் தாமே மாணவராக இருந்தார். தமிழாசிரியர்களிடம் பாடம் கேட்டார். ஓலைச்சுவடிகளைச் சேகரித்து, 1708இல் அவற்றுக்கு ஒரு விளக்கப் பட்டியலும் எழுதினார். தென்னிந்தியத் தெய்வங்களின் வழிமரபைப் பற்றி 1713இல் அவர் எழுதி முடித்த நூலில் ஐயனாரும் மாரியம்மனும் இடம்பெறுகிறார்கள். அந்த நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1867இல்தான் சென்னையில் மிஷனரி ஜெர்மான் அதைப் பதிப்பித்தார். உள்ளூர்ச் சமயத்தை அறிவது இறையியல் கல்வியின் பகுதி என்று உணர்ந்தவரின் நூல், அந்தக் கல்விக்கு ஒன்றரை நூற்றாண்டு பயன்படாமல் கிடந்தது. இந்த இழப்புக்கு உரிய கவனம் இன்றுவரை கிடைக்கவில்லை என்றே கருதுகிறேன்.

1716இல் அவர் எட்டு மாணவர்களுடன் தொடங்கிய பயிற்சிப் பள்ளியே இங்குப் புராட்டஸ்டண்ட் இறையியல் கல்வியின் தொடக்கம். உபதேசியார்களையும் பள்ளி ஆசிரியர்களையும் உருவாக்குவது அதன் நோக்கம். குருப்பட்டம் வேறு உயரத்தில் இருந்தது. முதல் இந்தியப் போதகராக ஆரோன் அபிஷேகம் பெற்றது 1733இல். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் வேளையில் தஞ்சைப் பகுதியில் அயராது உழைத்துவந்த உபதேசியார் ராஜநாயக்கன் பெயர் பேசப்பட்டது. அவர் பறையர் சமூகத்தவர். அவர் கையால் மற்றச் சாதிக் கிறித்தவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்ற அச்சம் வென்றது. 1741இல் தியோகு போதகரானார். ராஜநாயக்கனிடம் குறைவாக இருந்தது அறிவோ பக்தியோ அன்று. கல்வி கொடுக்காத தகுதியைச் சாதி கொடுத்தது, கல்வி கொடுத்ததைச் சாதி பறித்தது. பின்னர் 1980களில் தலித் இறையியல் எழுப்பிய கேள்விகள் அனைத்துக்கும் வேர் இங்கே இருக்கிறது.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிஷன் நிறுவிய செமினரி வேறொரு பாதையைக் காட்டியது. டேனியல் பூர் தலைமையில் ஆங்கிலம், கணிதம், வானியல், கிறித்தவ இறையியல் ஆகியவற்றோடு தமிழிலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கப்பட்டன. அவருக்குப் பின் தலைமையேற்ற ஹென்றி ஹோய்சிங்டன் பஞ்சாங்கக் கணிதத்தை ஆராய்ந்து 1848இல் வானியல் நூலொன்றை வெளியிட்டார். சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1854 அளவில் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் இதழில் அவை வெளிவந்தன. மறுப்பதற்காகவே அவர் சைவ நூல்களைப் படிக்கத் தொடங்கியிருக்கலாம். ஆனாலும் சிவஞானபோத ஆசிரியர் மெய்கண்டாரைச் சொல் சொல்லாகப் படித்த ஒருவர் தலைமை வகித்த இறையியல் பள்ளி அது என்பதை மறக்க முடியாது. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் பதிப்பித்துத் தமிழுக்குச் செய்த தொண்டு யாவரும் அறிந்தது.

மிஷன் இதை வெற்றியாகக் காணவில்லை. 1855இல் அதன் பாஸ்டன் தலைமையகத்திலிருந்து வந்த ரூஃபஸ் ஆண்டர்சன் தலைமையிலான குழு, மாணவர் பலர் ஆங்கிலம் கற்று அரசு வேலைக்குப் போகிறார்கள், சபைப் பணிக்கு வருவோர் சிலரே என்று கண்டது. செமினரி மூடப்பட்டது. சில ஆண்டுகளில் அதே இடத்தில் உபதேசியார்களுக்கும் ஆசிரியர்களுக்குமான சிறிய பயிற்சிப் பள்ளி தமிழ்வழியில் வந்தது. தாய்மொழியில் கல்வி என்ற ஆண்டர்சனின் கொள்கை கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதன் விளைவு வேறு: தமிழில் படிப்பவர் கிராமத்து உபதேசியாராக நிற்பார், அதற்குமேல் போக வேண்டியவர் ஆங்கிலத்துக்குப் போவார். தமிழ்வழிக் கல்வியை ஆதரிக்கும் நாம் இந்தச் சான்றை ஒதுக்கிவிடக் கூடாது. பட்டமும் உயர்படிப்பும் இணையாத தமிழ்வழி, மாணவருக்கு எல்லைக்கோடாகவும் அமையக்கூடும்.

அந்தக் கோட்டை மேலும் ஆழமாக்கியது பல்கலைக்கழக அமைப்பு. 1857இல் சென்னை, பம்பாய், கல்கத்தாப் பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்தன. சமய நடுநிலை காக்கவேண்டிய அரசு இறையியலைப் பட்டப் பாடமாக ஏற்கவில்லை. எஞ்சியிருந்த வழி வங்காளத்தில் இருந்தது. மிஷனரிகளான கேரியும் மார்ஷ்மனும் வார்டும் 1818இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்கு 1827இல் டென்மார்க் மன்னர் ஆறாம் ஃபிரெடெரிக் பட்டமளிக்கும் உரிமைப் பத்திரம் வழங்கியிருந்தார். 1845இல் தரங்கம்பாடியும் செராம்பூரும் சேர்ந்தே ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டபோதும் அந்த உரிமை காப்பாற்றப்பட்டது. நெடுங்காலம் பயன்படாதிருந்த அதைக் கொண்டு 1915இல் முதல் இறையியல் இளநிலைப் பட்டங்கள் வழங்கப்பட்டன. 1918இல் வங்காளச் சட்டமன்றம் தனிச்சட்டம் இயற்றி அதை உறுதிசெய்தது. தென்னிந்தியக் கல்லூரிகள் ஒவ்வொன்றாகச் செராம்பூருடன் இணைந்தன. பி.டி. என்ற அந்த இளநிலைப் படிப்பு ஆங்கிலத்தில் நடந்தது, வட்டார மொழியில் படிப்போருக்கு எல்.டிஎச். என்ற கீழ்நிலைச் சான்று. வட்டுக்கோட்டையில் கண்ட பிரிவினை இப்போது பாடத்திட்டத்தின் விதியாயிற்று.

1969இல் தென்னிந்தியத் திருச்சபையின் தமிழகப் பேராயங்களும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியை நிறுவியபோதுதான் அந்த விதி தளர்ந்தது. நாசரேத் அருகிலுள்ள திருமறையூரில் நடந்துவந்த கல்லூரி இதில் கலந்தது. தமிழிலேயே கற்று, செராம்பூர் பட்டமே பெறலாம். மேலோட்டமாகப் பார்த்தால் இது நிர்வாக ஏற்பாடு. ஆனால் ஊர்ப்புறச் சபைகளிலிருந்து வந்த, ஆங்கிலக் கல்வி எட்டாத மாணவர்கள் வகுப்பில் வாய்திறந்து வாதாடும் நிலை இதனால் வந்தது. மாணவர்கள் வளாகத்துக்கு வெளியே ஏழைகளின் குடியிருப்புகளில் தங்கிப் படிக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. கேப்ரியேல் டீட்ரிச் போன்றோர் சமூகப் பகுப்பாய்வையும் பெண்ணியத்தையும் பாடமாக்கினார்கள்.

1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை, தலித் இறையியலின் தொடக்கமாகப் பொதுவாகக் குறிக்கப்படுகிறது. பின்னர் அவர் சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் அத்துறைக்குப் பொறுப்பேற்றார். தலித் இறையியலின் கோட்பாட்டு நூல்கள் ஆங்கிலத்தில் எழுந்தன. அரசரடியிலோ அது பாட்டாக எழுந்தது. அங்கே கற்பித்தவரும் பறட்டை என்று அழைக்கப்பட்டவருமான தியோபிலஸ் அப்பாவு (1940–2005), கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனை மரபு சபையில் யாருடைய குரலை உயர்த்தியது என்று கேட்டார். நாட்டுப்புற மெட்டுகளிலும் பேச்சுத் தமிழிலும் வழிபாட்டையே புதிதாக அமைத்தார்; தீட்டென்று தள்ளிய பறையைக் கருவியாகக் கொண்டார்; ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்துண்பதை நற்கருணையின் பொருளாகக் கற்பித்தார். ராஜநாயக்கன் கையால் வாங்க மாட்டார்கள் என்று அஞ்சிய அப்பம் எத்தகையது என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன இறையியலை நான் வேறெங்கும் கண்டதில்லை. மாணவர்கள் தம் தாய்மாரிடமும் பாட்டிமாரிடமும் கேட்டு வளர்ந்த தாலாட்டும் ஒப்பாரியும் ஆய்வுக்குரிய மூலங்களாயின. சீகன்பால்க் ஓலைகளில் தேடியதை இவர்கள் தம் வீட்டிலேயே கண்டார்கள்.

ஆனால் பிரிவினை மறைந்துவிடவில்லை. ஒரு படி மேலே நகர்ந்திருக்கிறது. முதுநிலை இறையியலும் முனைவர் பட்ட ஆய்வும் பெரும்பாலும் இன்னும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. அப்பாவுவின் பாடல்களைப் பற்றி விரிவாக எழுதப்பட்ட முக்கியமான நூலும் ஆங்கில நூலே. அமெரிக்க இசையியலாளர் ஸோயி ஷெரினியன் அதை 2014இல் வெளியிட்டார். அப்பாடல்களைச் சபையில் பாடுகிற உபதேசியார் அந்த நூலைப் படிப்பதற்கு வழியில்லை. தமிழில் முனைவர் பட்ட ஆய்வேட்டை ஏற்று மதிப்பிடும் ஆசிரியர் குழுவை இறையியல் கல்லூரிகள் உருவாக்கவேண்டும். அரசரடியில் 1969இல் முடிந்த காரியத்தின் மறுபாதி அதுதான்.