தீக்காய மருத்துவ வரலாற்றில் திரவமேற்றலும் செவிலியர் பணியும்

கடுந்தீக்காயமுற்றோர் முதல் இரண்டு நாள்களில் உயிரிழப்பதற்கு, வெந்த தோலில் உண்டாகும் நஞ்சு குருதியில் கலப்பதே காரணம் என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவ உலகில் வலுவாக நிலவியது. 1925இல் எட்வர்டு டேவிட்சன் முன்வைத்த டானிக் அமில மருத்துவமும் பெரிதும் இக்கருத்தையே சார்ந்திருந்தது. தோல் பதனிடப் பயன்படும் அப்பொருளைக் கொண்டு புண்ணை இறுகச்செய்தால் நஞ்சு உட்புகாது என நம்பினர். அவ்வமிலமே கல்லீரலைக் கெடுக்கிறது என்பது பின்னரே தெரியவந்தது.

இக்கருத்தை அசைத்த சான்று அதற்கு முன்னரே கிடைத்துவிட்டது என்பது நோக்கத்தக்கது. 1921இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ரியால்டோ திரையரங்கு தீப்பற்றியது. அதில் காயமுற்றோரை யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் அண்டர்ஹில் ஆராய்ந்தார். முதல் உலகப்போர்க்கால நச்சுவாயு ஆய்வுகளில் குருதி செறிவடைதலை அளந்து பழகியவர் அவர். கொப்புள நீரின் கூறுகள் பிளாஸ்மாவின் கூறுகளை ஒத்திருந்தமையைக் கண்டு, உயிரைப் பறிப்பது நீரிழப்பே என அவர் வாதிட்டார். நஞ்சுக் கொள்கை முற்றிலும் மறைய மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மருந்து பூசுவது கண்ணுக்குத் தெரியும் செயல். குழாய்வழி நீர் செலுத்துவதோ அவ்வளவாகப் புலப்படாத செயல். இத்தாமதத்திற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

1942 நவம்பர் 28 அன்று பாஸ்டன் நகரின் கோகோநட் குரோவ் கேளிக்கை விடுதியில் ஏற்பட்ட தீயில் 492 பேர் மாண்டனர். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டானிக் அமிலத்தைக் கைவிட்டு, புண்களை வாசலின் தடவிய வலைத்துணியால் மூடி, பிளாஸ்மாவை விரைந்து செலுத்தினர். அங்குப் பணியாற்றிய ஆலிவர் கோப்பும் ஃபிரான்சிஸ் மூரும் 1947இல் வெளியிட்ட ஆய்வில், இழக்கப்படும் நீரில் பெரும்பகுதி வெளியே வழியாமல் திசுக்களுக்குள்ளேயே தேங்கி வீக்கமாகிறது என்று விளக்கினர். நோயாளியின் உடலைவிட்டு நீங்காத நீரையும் இழப்பாகவே கணக்கிட வேண்டும் என்பது அன்று புதிய எண்ணம்.

இதன்பின் வாய்பாடுகள் தோன்றின. 1951இல் வாலஸ் வெளியிட்ட ஒன்பதின் விதி, காயப்பரப்பைப் படுக்கையருகிலேயே மதிப்பிட வழிசெய்தது. 1952இல் எவான்ஸ் வாய்பாடும், 1968இல் டல்லஸ் நகரின் பார்க்லேண்ட் மருத்துவமனையில் பாக்ஸ்டர், ஷயர்ஸ் ஆகியோர் உருவாக்கிய வாய்பாடும் வந்தன. பின்னதன்படி உடல் எடையையும் காய விழுக்காட்டையும் நான்கையும் பெருக்கினால், முதல் 24 மணி நேரத்திற்குரிய ரிங்கர் லாக்டேட் அளவு மில்லிலிட்டரில் கிடைக்கும். அதில் பாதியை முதல் 8 மணி நேரத்தில் செலுத்த வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 விழுக்காடு காயம் எனில் மொத்தம் 7,200 மில்லிலிட்டர், முதற்பாதி 3,600. ஆனால் இந்த 8 மணி நேரம் தீப்பட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது. இரண்டு மணி நேரம் கழித்து வந்தவருக்கு எஞ்சியிருப்பது 6 மணி நேரமே. மணிக்கு 450 என்பது 600 ஆகிவிடுகிறது. எனவே "எப்போது தீப்பட்டது?" என்று செவிலியர் கேட்டுக் குறிக்கும் விடையைச் சார்ந்தே முழுக்கணக்கும் நிற்கிறது.

வாய்பாடுகளுக்கு மருத்துவர் பெயரோ மருத்துவமனையின் பெயரோ வாய்த்தது. வடிகுழாயில் இறங்கும் சிறுநீரை மணிதோறும் அளந்து எழுதிய செவிலியர்க்கு அப்பேறு வாய்க்கவில்லை. எனினும் வாய்பாடு தருவது தொடக்க அளவு மட்டுமே. பெரியவர்க்கு ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறத்தாழ 0.5 மில்லிலிட்டர் சிறுநீர் வருகிறதா என்பதைக் கொண்டே செலுத்தும் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். கூட்டுவதில் காட்டிய விரைவு குறைப்பதில் காட்டப்படவில்லை. அளவுமீறித் திரவம் ஏறும் இப்போக்கை 2000ஆம் ஆண்டில் பேசில் புருயிட் சுட்டிக்காட்டினார். மிகுதிநீரால் வயிற்றறை அழுத்தம் உயர்ந்து சிறுநீரகம் செயலிழக்கும்போது சிறுநீர் மேலும் குறைகிறது. அக்குறைவையே காரணமாக்கி மேலும் நீர் செலுத்தும் இடரும் நேர்கிறது. மின்காயத்தில் நிலை வேறு. சிதைந்த தசையின் நிறமி கலந்து சிறுநீர் செந்நிறமாகும்போது, அது தெளியும்வரை மணிக்கு 75 முதல் 100 மில்லிலிட்டர் சிறுநீர் வெளியேறுமாறு திரவ வேகத்தை உயர்த்துவர். அந்நிறமாற்றத்தை முதலில் காண்பவர் பெரும்பாலும் அளவுக்குடுவையைக் கையில் ஏந்திய செவிலியரே.