கீறல்முறை மின்சுற்றுப் பலகை
செம்புத் தகடு முழுவதும் பெயின்ட் பூசி, உலர்ந்தபின் ஊசியால் கீறி, கீறிய இடத்தை மட்டும் ஃபெரிக் குளோரைடில் அரிக்கவிடும் வீட்டுமுறை. தடங்களுக்கு இடையிலான பிரிகோடுகளை மட்டும் கீறினால் போதும் என்பதே இதன் பெரிய லாபம். 10 செ.மீ. சதுரப் பலகையில், செம்பு 35 மைக்ரான் தடிமனாக இருந்தால், ஏறத்தாழ 3 கிராம் செம்பு உண்டு. பெரும்பகுதி கரையாமல் தகட்டிலேயே தங்கும், கரைசலும் நெடுநாள் உழைக்கும். நெருக்கமான கால்களுள்ள சிப்புகளுக்கு இது ஒத்துவராது என்பது மெய்தான். அதற்கு ஒளிப்பட முறையே சரி.

தோல் ஆலைகளின் குரோமியத்தைச் சுமந்த வேலூர், ஆம்பூர்ப் பாலாற்றுப் படுகையில் செம்பு கரைந்த பழைய அரிப்புக் கரைசல் என்ற இச்சிறு கழிவு எம்மாத்திரம் என்பார்கள். ஆனால் அங்கும் கேடு ஒரே ஆலையால் வந்ததல்ல. பல நூறு ஆலைகளின் கழிவு சேர்ந்தே 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை போனது. செம்பு நீருயிர்களுக்கு நஞ்சு. கரைசலைச் சலவைச் சோடாவால் நடுநிலையாக்கி, படியும் வண்டலைச் சாக்கடையில் கொட்டாமல் அபாயக் கழிவாகவே ஒப்படைக்க வேண்டும்.