வலிப்பு மருந்து ஃபெனிடோயின்: எதனுடன் சேர்ந்தால் ஆபத்து?

தெலுக் இந்தான் – காக்காய் வலிப்புக்கு நீண்ட காலமாகக் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்று ஃபெனிடோயின். ‘டிலான்டின்’ என்ற பெயரில் பலருக்குத் தெரிந்த இம்மருந்து 1938 முதல் பயன்பாட்டில் உள்ளது. வலிப்பை நன்றாக அடக்கும். ஆனால் வேறு மருந்துகளுடன் எளிதில் மோதும்.

ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் இது 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருக்க வேண்டும். குறைந்தால் வலிப்பு திரும்பலாம், கூடினால் நச்சாகும். இம்மருந்தைச் சிதைப்பது கல்லீரல். அதன் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை நெருங்கிய பின் சிறு மாற்றமும் அளவைச் சட்டென உயர்த்திவிடும்.

அளவைக் கூட்டுபவை

காசநோய்க்கான ஐசோனியசிட், பூஞ்சைத் தொற்றுக்கான ஃபுளுகோனசோல், வயிற்றுப்புண்ணுக்கான சிமெட்டிடின். அளவு கூடினால் நடை தள்ளாடும், பேச்சு குழறும், பார்வை இரட்டையாகும். பார்ப்பவர்கள் குடிபோதை என்று நினைத்துவிடுவார்கள். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

அளவைக் குறைப்பவை

காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வயிற்றுப் புளிப்புக்கான அமில முறிவு மருந்துகள். காசநோய்க்கு ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டையும் சேர்த்தே தருவதால் அளவு ஏறுமா இறங்குமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். ரத்தப் பரிசோதனைதான் வழி. சம்சு, பீர் எதுவானாலும் தொடர்ந்து அதிகம் குடிப்பதும் அளவைக் குறைக்கும்.

மூலிகை மருந்துகள்

‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்?’ என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் ஃபெனிடோயின் சாப்பிட்டு வந்த இருவருக்கு அடங்கியிருந்த வலிப்பு மீண்டும் வந்தது. சங்கபுஷ்பி சேர்ந்த ஆயுர்வேத மருந்தையும் அவர்கள் சாப்பிட்டு வந்தனர். எலிகளிடம் சோதித்தபோது அது ஃபெனிடோயின் அளவைக் குறைத்தது. இந்த ஆய்வு 1992-இல் வெளியானது.

மற்ற மருந்துகளின் பலனைக் கெடுப்பது

ஃபெனிடோயின் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். இம்மருந்து கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும் என்பதால் பெண்கள் வேறு கருத்தடை முறை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கும் அடிக்கடி பரிசோதனை தேவை.

என்ன செய்யலாம்?

• கிளினிக், பார்மசி எங்கு சென்றாலும் ஃபெனிடோயின் சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள்.
• இந்தியாவிலிருந்து கொண்டுவந்தவை, நாட்டு மருந்துகள் உட்பட வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரே பையில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.
• அமில முறிவு மருந்தை இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டுச் சாப்பிடுங்கள்.
• நிறுவனத்தை நீங்களாக மாற்றாதீர்கள். 1968-இல் ஆஸ்திரேலியாவில் கேப்சூலில் நிரப்பும் பொருளை மாற்றியதற்கே பலருக்கு நச்சு அறிகுறிகள் வந்தன.
• பயந்து மருந்தைத் திடீரென நிறுத்தாதீர்கள். விடாமல் தொடரும் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அளவை மாற்றுவது மருத்துவரின் வேலை.