பருத்திக் காட்டிலிருந்து அடுக்குமாடிக்கு



தோட்டங்கள் துண்டாடப்பட்ட பின், லயத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோன குடும்பங்கள் நம்மில் பல. லயத்து வாசற்படியில் உட்கார்ந்து மவுத் ஆர்கன் ஊதினால், ஓசை ரப்பர் மரங்களுக்கிடையே கரைந்துவிடும். அடுக்குமாடியிலோ, சுவருக்கு அப்பால் இரவு வேலை முடித்து உறங்குகிறவர் இருக்கிறார். அதற்காக இசையைக் கைவிட்டுவிடுவதா? இந்தக் கேள்வி நமக்கு முன்பே இன்னொரு தோட்டத் தொழிலாளர் கூட்டத்துக்கு எழுந்தது. அவர்களுடைய வரலாற்றையே இன்று காண்போம்.

ஜெர்மனியின் டிராசிங்கன் என்னும் ஊரில் மத்தியாஸ் ஹோனர் என்பவர் 1857-இல் மவுத் ஆர்கன் செய்யும் தொழிலைத் தொடங்கினார். பத்துத் துளைகளும் இருபது நாக்குகளும் கொண்ட அச்சிறு கருவி கப்பலேறி அமெரிக்கா சென்றது. விலை குறைவு, சட்டைப் பையில் அடங்கும். ஆகவே, தென்மாநிலங்களின் பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களின் கைக்கு அது எளிதில் எட்டியது. அவர்கள் காற்றை உள்ளிழுத்து, சுரத்தை வளைத்து, அழுவது போலவும் இரயில் ஓடுவது போலவும் அதைப் பேச வைத்தார்கள். அவர்களுடைய துயரப் பாடலுக்கு 'புளூஸ்' என்று பெயர்.

குறைந்த கூலி, தீராத கடன், நிறவெறிக் கொடுமை ஆகியவற்றிலிருந்து தப்ப, முதல் உலகப் போர்க் காலம் தொடங்கி 1970 வரை ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் தென்மாநிலங்களை விட்டு வெளியேறினர். மிசிசிப்பியிலிருந்து புறப்பட்ட பலர் இரயிலேறிச் சிக்காகோ நகரை அடைந்தனர். மடி வாட்டர்ஸ் என்ற பாடகர் அவர்களுள் ஒருவர். ஸ்டோவால் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய அவர், கேட்ட கூலி உயர்வு மறுக்கப்பட்ட பின் 1943-இல் சிக்காகோவுக்குப் போனார்.

அங்கே கிடைத்த வீடு எப்படிப்பட்டது தெரியுமா? ஒரு பெரிய வீட்டைத் தடுப்புகள் வைத்துப் பல அறைகளாகப் பிரித்து, ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்று வாடகைக்கு விட்டார்கள். அடுப்பும் படுக்கையும் அதே அறையில். குளியலறையோ பல குடும்பங்களுக்குப் பொது. வெளியே டிராம் வண்டியின் இரைச்சல். மதுக்கடைகளில் கூட்டத்தின் கூச்சல். தோட்டத்தில் தெளிவாகக் கேட்ட இசை நகரத்தில் அமுங்கிப் போயிற்று. எனவே கிதாருக்கு மின்சாரம் வந்தது. மவுத் ஆர்கனுக்கு மைக்கும் ஆம்ப்ளிபயரும் வந்தன.

இவ்வகையில் பெரும் புகழ் பெற்றவர் 1930-இல் லூசியானாவில் பிறந்த லிட்டில் வால்ட்டர். சிக்காகோவின் மேக்ஸ்வெல் வீதி ஞாயிற்றுச் சந்தையில் அவர் வாசித்தார். அங்கு இசைக்கலைஞர்கள் அருகிலுள்ள வீடுகளுக்கும் கடைகளுக்கும் காசு கொடுத்து, கம்பி இழுத்து மின்சாரம் பெறுவது வழக்கம். வால்ட்டர் மலிவான மைக்கையும் மவுத் ஆர்கனையும் ஒன்றாகக் கைகளுக்குள் பொத்திப் பிடித்து, ஆம்ப்ளிபயர் வழியே ஊதினார். கைகள் மூடியதால் கூர்மையான ஓசை குறைந்தது. வால்வுகள் திணறியதால் ஓசை தடித்து, சாக்சபோனைப் போல முழங்கியது. 1952 மே மாதம் மடி வாட்டர்ஸ் குழுவினருடன் அவர் பதிவு செய்த 'ஜூக்' என்னும் இசைத்தட்டு, கறுப்பின மக்களின் இசைப் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் நின்றது.

இவ்வரலாற்றில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. ஆம்ப்ளிபயர் ஓசையைப் பெருக்குவதற்கு மட்டும் உரியதன்று. ஓசையின் தன்மையையே மாற்றும் இரண்டாவது வாத்தியம் அது. அந்தத் தன்மை வால்வு திணறும்போதுதான் பிறக்கிறது. பெரிய ஆம்ப்ளிபயரைத் திணற வைக்க அண்டை அயலையே எழுப்ப வேண்டும். சிறியதோ விரைவில் திணறும். ஐந்து வாட் ஆற்றலும் எட்டு அங்குல ஒலிபெருக்கியும் கொண்ட ஃபெண்டர் சேம்ப் போன்ற கருவிகளை மவுத் ஆர்கன் கலைஞர்கள் பலர் விரும்பியதற்குக் காரணம் இதுவே.

ஆயினும் வாட் என்ற எண்ணை நம்பி ஏமாறக் கூடாது. நம் காதுக்கு ஓசை இரு மடங்காகத் தோன்ற, ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். ஆகவே பத்து வாட்டுக்குப் பதில் ஐந்து வாட் வாங்கினால் ஓசை பாதியாகிவிடாது. வால்வு ஆம்ப்ளிபயரின் ஐந்து வாட்டை முழுதும் திறந்தால், சிறிய வீட்டுக்கு அதுவே மிக அதிகம். ஆதலால் திணறலுக்கு ஒரு திருகும், வெளிவரும் ஓசைக்குத் தனியாக ஒரு திருகும் உள்ளதா என்று பாருங்கள். காதில் மாட்டும் ஒலிக்கருவியைச் செருகத் துளை இருந்தால் இன்னும் நல்லது. இரவில் அதுவே துணை.

மைக்கைப் பிடித்தவுடன் 'கூ' என்று ஊளையிட்டால், ஒலிபெருக்கியின் ஓசையை மைக் மீண்டும் விழுங்குகிறது என்று பொருள். ஒலிபெருக்கிக்கு எதிரே நிற்காதீர்கள். கூர்மை ஓசைக்கான திருகைக் குறையுங்கள். ஆம்ப்ளிபயரைத் தரையில் வைத்தால் அதிர்வு தரை வழியே கீழ் வீட்டுக்கு இறங்கும். அதன் அடியில் தடித்த ரப்பர்த் துண்டு ஒன்றை வையுங்கள். தலைமுறை தலைமுறையாக நாம் பால் வெட்டிய ரப்பர், அண்டை வீட்டாரின் உறக்கத்தையும் காக்கட்டும்.

பருத்திக் காட்டை விட்டு வந்தவர்கள் பாட்டை அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை. புதிய இடத்துக்கு ஏற்றபடி அதன் குரலை மாற்றிக்கொண்டார்கள். அதனால் அது உலகெங்கும் கேட்டது. லயத்தை விட்டு வந்த நாமும், நம் பிள்ளைகளின் கையிலுள்ள இசைக்கருவியைப் பெட்டிக்குள் பூட்டிவிட வேண்டியதில்லை.