சட்டம் மக்கள் கைக்கு வந்த கதை

"எனக்கு அப்படி ஒரு சட்டம் இருக்கிறதே தெரியாதுங்க ஐயா" என்று நீதிமன்றத்தில் நின்று சொன்னால் விட்டுவிடுவார்களா? விடமாட்டார்கள். சட்டம் தெரியாது என்பது ஒரு சாக்கு ஆகாது என்பது பல நாடுகளிலும் நெடுங்காலமாக இருந்துவரும் கோட்பாடு. அப்படியானால் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. சட்டத்தை அறிந்து நடக்கவேண்டியது குடிமகனின் கடமை என்றால், அதை அவன் அறியும்படி செய்யவேண்டியது யாருடைய கடமை? அரசின் கடமைதானே!

இன்னொன்றும் உண்டு. சட்டம் நிறைவேறிய பின்பு அதை அறிந்துகொண்டால், கட்டுப்பட்டு நடக்க மட்டுமே நம்மால் முடியும். மசோதாவாக இருக்கும்போதே அறிந்துகொண்டால், "இந்த இடம் சரியில்லை, மாற்றுங்கள்" என்று நம் பிரதிநிதிக்குச் சொல்ல முடியும். சட்டம் இயற்றும் மன்றத்தின் ஏடுகளைப் பொதுமக்கள் உரிய காலத்தில் பார்க்கவேண்டும் என்று பலர் போராடியதற்கு இதுவே காரணம். இன்று கைப்பேசியில் தேடிப் பார்த்துவிடுகிற இந்த வசதி எப்படி வந்தது? அமெரிக்காவில் 1993 முதல் 1995 வரை நடந்த நிகழ்ச்சிகளைக் கொண்டு அதைக் காண்போம். அதற்குமுன் கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும்.

பூட்டிய கதவுகள்

நாடாளுமன்றங்களின் தாய் என்று போற்றப்படும் இங்கிலாந்திலேயே, அவையில் பேசியதை வெளியே அச்சிடுவது ஒரு காலத்தில் குற்றமாக இருந்தது. 1738 இல் மக்களவை இதற்குக் கடுமையான தடை விதித்தது. பத்திரிகைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு பத்திரிகை, கதையில் வரும் லில்லிபுட் என்னும் குள்ளர் நாட்டு மன்றத்தில் நடந்த விவாதம் என்று பெயர் மாற்றி வெளியிட்டது. பிற்காலத்தில் அகராதி எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சன்தான் அந்தப் பக்கங்களைச் சில ஆண்டுகள் எழுதினார். கிடைத்த சிறு குறிப்புகளை வைத்துக்கொண்டு, மீதியைத் தம் திறமையால் நிரப்பினார்! உண்மையான செய்தியை மறைத்தால் கற்பனை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதற்கு இது நல்ல சான்று.

1771 இல் மக்களவை சில அச்சகத்தாரைக் கைது செய்ய ஆள் அனுப்பியது. லண்டன் மாநகர அதிகாரிகள் அச்சகத்தார் பக்கம் நின்றார்கள். அதற்காக மாநகர மேயரான பிராஸ் கிராஸ்பி லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். மக்கள் கொதித்தெழுந்தார்கள். அதன் பிறகு தடை ஏட்டளவில் இருந்ததே தவிர, விவாதங்கள் பத்திரிகைகளில் வெளிவருவதை யாரும் நிறுத்த முடியவில்லை.

அமெரிக்காவில் 1789 இல் காங்கிரஸ் கூடியபோது, கீழவையாகிய பிரதிநிதிகள் அவை தொடக்கத்திலேயே பார்வையாளர் மாடத்தைத் திறந்துவைத்தது. மேலவையாகிய செனட் அப்படிச் செய்யவில்லை. 1795 ஆம் ஆண்டின் இறுதியில்தான் அதன் கதவுகள் பொதுமக்களுக்கு முறையாகத் திறந்தன.

நூலகத்தில் கிடந்த ஏடுகள்

1873 முதல் இரு அவைகளின் நடவடிக்கைகளையும் அரசே 'காங்கிரஷனல் ரெக்கார்ட்' என்ற பெயரில் அச்சிடத் தொடங்கியது. அரசு ஏடுகளை இலவசமாகப் பெற்று மக்களுக்குக் காட்டுவதற்கென்றே நாடெங்கும் நூலகங்களும் அமைந்தன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அத்தகைய நூலகம் இல்லாத சிற்றூர்க்காரன் என்ன செய்வான்? தபாலில் வரும் ஏடு கைக்குக் கிடைப்பதற்குள் அங்கே வாக்கெடுப்பே முடிந்திருக்கும்.

தலைநகரில் அலுவலகம் வைத்திருந்த பெரிய நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் இந்தத் தொல்லை இல்லை. ஆளை அனுப்பி அன்றைக்கே மசோதாவின் படியை வாங்கிக்கொள்வார்கள். 1970களில் கம்ப்யூட்டர் வந்தது. காங்கிரஸ் நூலகம் மசோதாக்களின் சுருக்கத்தையும் நிலையையும் கணினியில் ஏற்றி உறுப்பினர்களுக்குக் கொடுத்தது. பின்னர் தனியார் நிறுவனங்களும் இத்தகைய விவரங்களைக் கட்டணத்துக்கு விற்றன. காசு இருந்தால் உடனே தெரியும், இல்லையென்றால் காத்திருக்கவேண்டியதுதான். பொதுப்பணத்தில் எழுதப்பட்ட சட்டத்தைப் பொதுமக்களே விலை கொடுத்துப் பார்க்கவேண்டிய நிலை இப்படி உண்டாயிற்று.

கலிபோர்னியா காட்டிய வழி

இந்த நிலையை மாற்றிய முன்னோடிகளுள் கலிபோர்னியா மாநிலம் முக்கியமானது. அங்கே மாநிலச் சட்டமன்றத்தின் மசோதாக்கள் ஏற்கெனவே கணினியில்தான் இருந்தன. அந்தப் பதிவுகளை விலை கொடுத்து வாங்கிய நிறுவனங்கள், அவற்றைத் தம் வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்தன.

டெப்ரா போவன் என்ற பெண்மணி 1992 தேர்தலில் வென்று அந்தச் சட்டமன்றத்துக்கு வந்தார். மறு ஆண்டே 1624 என்ற எண்ணுள்ள மசோதாவைக் கொண்டுவந்தார். சட்டமன்றத் தகவல்களை இணையத்தின் வழி எல்லாருக்கும் இலவசமாகத் தரவேண்டும் என்பதே அதன் சாரம். கணினித் துறையில் பெயர்பெற்ற ஜிம் வாரன் என்பவர் இதைத் தம் சொந்தக் காரியம்போல் எடுத்துக்கொண்டு, மின்னஞ்சல் வழியாக ஊரெங்கும் ஆதரவு திரட்டினார். மக்கள் தங்கள் உறுப்பினர்களுக்குக் கடிதமும் தொலைநகலும் அனுப்பினார்கள். 1993 அக்டோபரில் ஆளுநர் பீட் வில்சன் கையெழுத்திட, அது சட்டமாயிற்று.

அந்தச் சட்டத்தின் நுணுக்கத்தைக் கவனிக்கவேண்டும். மசோதாவின் வாசகத்தோடு அது நிற்கவில்லை. மசோதா கடந்துவந்த படிகள், அதைப் பற்றிய ஆய்வுக் குறிப்பு, யார் எப்படி வாக்களித்தார் என்ற விவரம், ஆளுநர் மறுத்தால் அதற்கான காரணம், மாநிலத்தில் நடப்பிலுள்ள சட்டத் தொகுப்பு ஆகிய அனைத்தையும் தரவேண்டும் என்றது. கட்டணம் வாங்கக்கூடாது என்றது. வந்து பார்ப்பவரின் சொந்த விவரங்களைச் சேவைக்கு வேண்டிய அளவுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்றும் சொன்னது. சட்டத்தைப் படிப்பவனை அரசு வேவு பார்க்கலாகாது என்ற எண்ணம் 1993 லேயே அவர்களுக்கு இருந்திருக்கிறது, பாருங்கள்!

'தாமஸ்' பிறந்த நாள்

அதே 1993 இல் தலைநகர் வாஷிங்டனிலும் வேலை நடந்தது. காங்கிரஸ் நூலகம் தன் கணினிப் பட்டியலை இணையத்தில் திறந்துவிட்டது. மசோதாக்களின் சுருக்கத்தை அதில் பார்க்கலாம். ஆனால் கட்டளைகளை மனப்பாடம் செய்து தட்டச்சு செய்யவேண்டும், பழகாதவர்களுக்குப் பெரும் பாடு. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட ஒரு சட்டத்தின்படி, அரசு அச்சகமும் தன் ஏடுகளைக் கணினி வழியே தரத் தொடங்கியது. 1994 இல் தொடங்கிய அந்தச் சேவைக்கு முதலில் கட்டணம் உண்டு. குறிப்பிட்ட நூலகங்களில் மட்டுமே இலவசம். 1995 டிசம்பரில் கட்டணம் அடியோடு நீக்கப்பட்டது.

இதற்கிடையே 1994 நவம்பர் தேர்தலில், 40 ஆண்டுகளுக்குப் பின் குடியரசுக் கட்சி கீழவையில் பெரும்பான்மை பெற்றது. புதிய அவைத்தலைவரான நியூட் கிங்ரிச், மசோதாக்கள் இணையத்தில் எல்லாருக்கும் கிடைக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். நூலகத்தார் சில வாரங்களுக்குள் ஓடியாடி வேலையை முடித்தார்கள். 1995 ஜனவரி 5 ஆம் நாள், புதிய காங்கிரஸ் கூடிய மறுநாளே, அந்தச் சேவை தொடங்கப்பட்டது. அதற்குத் 'தாமஸ்' என்று பெயர் சூட்டினார்கள்.

ஏன் தாமஸ்? முன்னாள் அதிபர் தாமஸ் ஜெபர்சனின் நினைவாகத்தான். 1814 இல் பிரிட்டிஷ் படை வாஷிங்டனைக் கொளுத்தியபோது காங்கிரஸ் நூலகமும் சாம்பலாயிற்று. ஜெபர்சன் தம் சொந்த நூலகத்தைக் கொடுக்க முன்வந்தார். மறு ஆண்டு 6,487 நூல்களைக் காங்கிரஸ் 23,950 டாலருக்கு வாங்கியது. இன்றைய காங்கிரஸ் நூலகம் அந்த நூல்களின் மேல் எழுந்ததுதான்.

தாமஸில் கட்டளை எதுவும் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. 'பள்ளி' என்றோ 'பால்' என்றோ ஆங்கிலத்தில் ஒரு சொல்லை அடித்தால் போதும். அந்தச் சொல் வரும் மசோதாக்கள் வரிசையாக வந்து நிற்கும். மசோதாவின் எண் தெரியாத சாதாரண மனிதனும் தனக்கு வேண்டியதைத் தேடிக்கொள்ள முடிந்தது. இந்தப் பெருமை ஒரு கட்சிக்கு மட்டும் உரியதன்று. 1993 இல் அச்சகச் சட்டத்தை நிறைவேற்றிய காங்கிரசில் பெரும்பான்மை பெற்றிருந்தது ஜனநாயகக் கட்சி. இரண்டு தரப்பும் சேர்ந்து இழுத்த தேர் இது எனலாம்.

வந்ததும் வராததும்

அதெல்லாம் சரி, எல்லாருக்கும் கிடைத்துவிட்டதா? இல்லை. 1995 இல் கணினியும் தொலைபேசி இணைப்பும் வைத்திருந்த குடும்பங்கள் குறைவு. ஏழைகள் மடிக்கணினி வாங்க வரிச்சலுகை கொடுக்கலாமே என்று அந்த ஜனவரியிலேயே கிங்ரிச் சொல்லிப் பார்த்தார். பிறகு அது சரிவராத யோசனை என்று அவரே கைவிட்டார். 1996 இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம்தான் வேறு வழி காட்டியது. பள்ளிகளும் பொது நூலகங்களும் சலுகைக் கட்டணத்தில் இணைய இணைப்புப் பெற அது வகை செய்தது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு நூலகத்துக் கணினி கைகொடுத்தது.

தகவலிலும் குறை இருந்தது. குழுக்கூட்டங்களில் மசோதாவின் வரிகளை அடித்துத் திருத்துகிறார்களே, பெரும்பாலான மாற்றங்கள் அங்கேதான் நடக்கின்றன. அந்தத் திருத்தங்கள் தாமஸில் உடனுக்குடன் வரவில்லை. உறுப்பினர்களுக்காகக் காங்கிரஸ் நூலகத்தின் ஆய்வாளர்கள் எழுதும் விளக்க அறிக்கைகளும் மக்களுக்கு முறையாகத் திறக்கப்படவில்லை. அந்தக் கதவு திறக்க 2018 வரை, அதாவது இன்னும் 23 ஆண்டுகள் காத்திருக்கவேண்டியதாயிற்று.

எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் என்ற ஒன்று உண்டு. நூற்றுக்கணக்கான பக்கமுள்ள மசோதாவை இரவில் போட்டுவிட்டுக் காலையில் வாக்கெடுப்பு நடத்தினால், இணையத்தில் இருந்துதான் என்ன பயன்? யார் படித்து முடிப்பது? 2011 இல் கீழவை ஒரு விதி செய்தது. மசோதாவின் வாசகம் மூன்று நாள் இணையத்தில் இருந்த பிறகே விவாதத்துக்கு எடுக்கவேண்டும் என்பது அது. 2019 இல் அதையே முழு 72 மணி நேரம் என்று திருத்தினார்கள். அவை விரும்பினால் விதியைத் தள்ளிவைக்கவும் முடியும் என்பதால், இந்தப் பிரச்சினை இன்னும் முடியவில்லை.

தாமஸ் 21 ஆண்டுகள் உழைத்தது. 2012 இல் காங்கிரசின் பெயரிலேயே புதிய இணையத்தளம் வந்தது. 2016 ஜூலை 5 இல் தாமஸ் ஓய்வுபெற்றது.

நமக்கு ஒரு பாடம்

அன்பு மாணவர்களே! இந்த வரலாற்றில் கம்ப்யூட்டரைவிட முக்கியமானவர்கள் மனிதர்கள். சிறைக்கு அஞ்சாத மேயர், பதவிக்கு வந்த மறு ஆண்டே மசோதா கொண்டுவந்த ஒரு பெண் உறுப்பினர், ஊர் ஊராகக் கடிதம் எழுதிய பொதுமக்கள், இரவு பகல் பாராத நூலகத்தார் இவர்கள் இல்லையென்றால், எத்தனை கணினி வந்திருந்தாலும் ஏடுகள் பூட்டிய அலமாரியிலேயே இருந்திருக்கும்.

நம் நாட்டு நாடாளுமன்ற விவாதங்களும் இன்று இணையத்தில் இருக்கின்றன. "அதெல்லாம் வக்கீல்கள் படிக்கிறது, நமக்கெதுக்கு?" என்று ஒதுங்கிவிடாதீர்கள். உங்கள் பள்ளியைப் பற்றி, உங்கள் பெற்றோரின் வேலையைப் பற்றி, நீங்கள் குடியிருக்கும் வீட்டைப் பற்றி அங்கே யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். வரும் விடுமுறையில் ஒரு நாள், ஆசிரியரையோ அண்ணன் அக்காவையோ துணைக்கு வைத்துக்கொண்டு, ஒரே ஒரு விவாதத்தையாவது படித்துப் பாருங்கள். புரியாத இடத்தில் கோடு போட்டு வைத்துக் கேளுங்கள். பிறர் பாடுபட்டுத் திறந்த கதவு இது. உள்ளே போகிறவர்கள் இருந்தால்தான் அது திறந்தே இருக்கும்.