தூளி தொங்கிய உத்தரம்

கெடாவின் சுங்கைப்பட்டாணிப் பக்கத்துத் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை எந்த நாளில் செத்தது என்று தேதி சொல்ல ஆளில்லை. கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டார்கள், செம்பனையை வெட்டித் தாமான் கட்டினார்கள். நடுவில் எங்கோ அது போய்ச் சேர்ந்தது. கருமாதிகூட நடக்கவில்லை.

எங்கள் தோட்டத்துக் கொட்டகை பலகைச் சுவர், தகரக் கூரை. விடியுமுன்னே, பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகிற வழியில், அம்மா எங்களை விட்டுப் போவார். நெற்றியில் விளக்கு, இடுப்பில் தம்பி, என் கையில் சோற்றுச் சட்டி. உத்தரத்தில் வரிசையாக இரும்பு வளையங்கள். வளையத்துக்கு ஒரு பழஞ்சேலைத் தூளி. இருட்டில் முகம் தெரியாது. சேலையைத் தடவிப் பார்த்தே இது யார் வீட்டுப் பிள்ளை என்று ஆயா சொல்லிவிடுவார். மரம் வெட்ட உடம்பு இடம் கொடுக்காத கிழவிதான் ஆயா. தூளிக் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே மடியில் இன்னொன்றுக்குக் கஞ்சி ஊட்டுவார். டிரசர் வரும் நாளில் கொட்டகையே அழும். கண் இமையை இழுத்துப் பார்ப்பார், பூச்சி மருந்து ஊற்றுவார், சிரங்குக்கு ஊதா மருந்து தடவுவார். ஊதாக் கால்களோடு நாங்கள் நிற்பதைப் பார்த்துக் கிராணி வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கும்.

சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஒரு பிள்ளைக்குச் சிரங்கு வந்தால் எல்லாருக்கும் வந்தது. துரைமார் இரக்கப்பட்டுக் கட்டியதும் அல்ல அது. பிள்ளையைப் பார்க்க ஆளில்லாவிட்டால் தாய் நிரைக்கு வரமாட்டாள். அந்தக் கணக்கு அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அந்தக் கணக்குக்கு மேல் ஒரு கட்டாயமும் இருந்தது. தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வைக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டமே சொன்னது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் சட்டமும் அதைச் சொன்னது.

சுதந்திரம் வாங்கிய 1957இல் மலாயாவில் பிறந்த 1,000 குழந்தைகளில் ஏறக்குறைய 75 ஒரு வயதைத் தாண்டவில்லை. இதே கெடாவில், ஜித்ராவில், கிராம சுகாதாரப் பயிற்சி நிலையம் ஒன்று 1950களில் தொடங்கியது. யூனிசெஃப்பும் கை கொடுத்தது. தாதிகளும் மருத்துவச்சிகளும் கம்பங்களுக்குப் போனார்கள். தோட்டமோ தனியார் நிலம். கேட்டைத் தாண்டி உள்ளே வந்த அரசாங்கம் பெரும்பாலும் காகிதம்தான். அந்தக் காகிதத்துக்குக் கையும் காலும் மடியுமாக இருந்தவர் ஆயா.

இன்று அந்த 75 பத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. தடுப்பூசிக்கும் அரசாங்கக் கிளினிக்குக்கும் உரிய பெருமை அது, மறுக்க மாட்டேன். என் பேத்தியின் ஊசிகள் ஒன்றுகூடத் தவறவில்லை. ஊசி போட்ட மறுநாள், காய்ச்சலடிக்கும் பிள்ளையை யாரிடம் விட்டு வேலைக்குப் போவது என்பதுதான் என் மகளுக்குப் பாடு.

மகள் இருக்கும் சுங்கைப்பட்டாணி பாக்கார் ஆராங்கில் இப்போது பெரட்டு கிடையாது, ஷிப்டு உண்டு. தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ் விடியுமுன்னே வந்து நிற்கும். அதற்குமுன் மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கி ஓர் அக்கா வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். வரவேற்பறையில் மூன்று ஸ்பிரிங் தொட்டில்கள். பக்கத்து பிளாக்குப் பெண் ஒருத்தி நான்கு மாதமாகக் கெஞ்சியும் அக்கா அசையவில்லை. நான்கு பிள்ளைகளானால் 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டும்.

“மூணோட நிறுத்திக்கிறேன் ஐயா,” என்றார் அக்கா, “நாலாவதுக்கு ஆபீஸ்காரங்க வருவாங்க.”