கணினி தொடக்கக் கோளாறு

கணினி தொடக்கக் கோளாறு என்பது, மின்பொத்தானை அழுத்திய பின் ஒரு கணினி இயக்குதளம் வரை வந்து சேராமல் இடையில் நின்றுவிடும் நிலை. பழுதுபார்ப்போர் இதை 'டெட்', 'நோ டிஸ்பிளே', 'பூட் ஆகவில்லை' என மூன்றாகப் பிரிப்பர். முதல் வகையில் விளக்கு எரியாது, விசிறி சுற்றாது. இரண்டாவதில் விசிறி சுற்றும், திரை இருண்டிருக்கும். மூன்றாவதில் தயாரிப்பாளரின் சின்னம் வரை தெரியும்; விண்டோசோ லினக்சோ வராது. கணினி எந்தக் கட்டத்தில் நின்றது என்பதே கோளாறு இருக்குமிடத்தைக் காட்டும்.

தொடங்கும் முறை

கணினியின் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தருகிறது. மின்னழுத்தம் சீரானதும் மதர்போர்டிலுள்ள தொடக்க மென்பொருளான பயாஸோ அதன் இடத்தைப் பிடித்த யூஇஎஃப்ஐயோ செயலி, ராம், கிராபிக்ஸ் ஆகியவற்றைச் சோதிக்கிறது. இச்சோதனைக்குப் 'போஸ்ட்' என்று பெயர். அதில் தேறினால் வட்டிலுள்ள பூட் லோடர் ஏற்றப்படும். லினக்சில் இது பெரும்பாலும் கிரப். அது இயக்குதளத்தின் மையமான கெர்னலை ஏற்ற, இயக்குதளம் விழித்தெழும்.

வன்பொருள் சோதனை

'டெட்' நிலையில் மின்பலகை, கம்பி, எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றை இந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும். மடிக்கணினியானால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, மின்பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின்னேற்றம் வடியும். பல நேரங்களில் அதுவே போதும்.

'நோ டிஸ்பிளே' நிலையில் முதலில் ஐயப்பட வேண்டியது ராம். ஈரக்காற்றில் அதன் தொடுமுனைகளில் படலம் படியும். ராமைக் கழற்றி, முனைகளை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு, இருபுறக் கொக்கிகளும் 'கிளிக்' என விழும்வரை அழுத்திப் பொருத்துவர். போஸ்ட் சோதனையில் தவறும் கணினி 'பீப்' ஒலிகளாலும் முறையிடும். ஒலிகளின் பொருள் பயாஸ் தயாரிப்பாளருக்கேற்ப மாறும்.

நாள், நேரம் பழைய ஆண்டுக்குத் திரும்பியிருந்தால், மதர்போர்டிலுள்ள 3 வோல்ட் சிஆர்2032 மின்கலம் தீர்ந்திருக்கலாம்.

மென்பொருள் சோதனை

'பூட் ஆகவில்லை' நிலையில் மென்பொருளையும் ஐயப்பட வேண்டும். மின்சாரம் திடீரென்று போனால் வட்டின் கோப்பு முறைமை சிதையக்கூடும். அப்போது உபுண்டு போன்ற லினக்ஸ் இயக்குதளங்கள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற கட்டளைத் திரையில் நின்றுவிடும். கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையால் பெரும்பாலும் சீராகும். கிரப் அழிந்திருந்தால் அதை மீண்டும் நிறுவினால் போதும். கோப்புகள் அப்படியே இருக்கும். வன்பொருளா மென்பொருளா என்று பிரித்தறிய எளிய வழி, வட்டில் நிறுவாமலே ஓடும் லைவ் லினக்சில் யுஎஸ்பி வழியாகத் தொடங்கிப் பார்ப்பது. அது சரியாக ஓடினால் கோளாறு வட்டிலோ அதிலுள்ள மென்பொருளிலோ இருக்கிறது.

வன்பொருளில் எந்தக் குறையும் இல்லாமலே கணினிகள் முடங்கியதற்குப் பெரும் சான்று 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ்கள் தரப்பட்டன. சேஃப் மோடில் நுழைந்து ஒரு கோப்பை நீக்குவதே தீர்வாக இருந்தும், பல கணினிகளுக்கு ஒருவர் நேரில் போய்ச் செய்ய வேண்டியிருந்தது.

திருவனந்தபுரமும் பள்ளிக் கணினிகளும்

இத்தகைய பழுதுகளை ஆசிரியரே நீக்கிக்கொள்வதற்குக் கேரளப் பள்ளிகள் ஓர் எடுத்துக்காட்டு. பள்ளிகளில் கணினிக் கல்விக்கான கேரளத்தின் ஐடி@ஸ்கூல் திட்டம் 2001இல் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்தில் தொடங்கிவைத்தார். ஐடி@ஸ்கூல் திட்டம் 2017இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாகி, நகரின் பூஜப்புரையிலிருந்து இயங்குகிறது. அது பள்ளிகளுக்கெனத் தொகுக்கும் இயக்குதளம் கட்டற்ற மென்பொருளான உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. உரிமச் செலவு மிச்சமாவதோடு பழுதுநீக்கத்துக்கும் இதில் ஆதாயம் உண்டு: உரிம எண் தேடாமல், ஆசிரியரே யுஎஸ்பி தயாரித்து மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். 2018இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வன்பொருள் பயிற்சியும் பெறுகின்றனர். கைட் உருவாக்கும் தகவல் தொழில்நுட்பப் பாடநூல்கள் தமிழ்வழி மாணவர்களுக்குத் தமிழிலும் வெளியாகின்றன.

இப்பகுதியின் பருவநிலையும் கோளாறுகளில் பங்கெடுக்கிறது. ஏப்ரல், மே விடுமுறையில் மூடிக்கிடந்த ஆய்வகம், தென்மேற்குப் பருவமழை இறங்கும் ஜூனில் திறக்கப்படுகிறது. அப்போது ராமின் படலமும் தீர்ந்த மின்கலமும் எதிர்பார்க்க வேண்டியவை. துலாவர்ஷம் எனப்படும் அக்டோபர், நவம்பர் மழையில் பிற்பகல் இடிமின்னல் மிகுதி. மின்னலின் மிகையழுத்தம் மின்கம்பியில் மட்டுமின்றி இணையக் கம்பியிலும் வந்து மதர்போர்டைக் கருக்கும். எனவே இடிமழை தொடங்குமுன்பே இரண்டையும் கழற்றிவிட வேண்டும்.

எச்சரிக்கைகள்

மூடியைத் திறக்குமுன் மின்கம்பியைப் பிடுங்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியைப் பிரிக்கக் கூடாது. இணைப்பைத் துண்டித்த பின்னும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னேற்றம் தங்கும். ஹார்டு டிஸ்கில் 'டக் டக்' ஒலி கேட்டால் பழுதுநீக்கக் கட்டளைகளை ஓட்டக் கூடாது. நகல் இல்லாத கோப்புகள் முக்கியமானவையென்றால் கணினியை உடனே அணைத்துத் தரவு மீட்பு வல்லுநரிடம் தருவதே பாதுகாப்பு. கணினியை ஓடவைப்பது அதற்கு அடுத்த வேலை.